உப்புத் தூவிய நெருப்பு

அரசாங்கத்துக்குப் போன ஒரு புத்தகத்தில் என் படம் அச்சாகியிருக்கிறது. வழவழப்பான தாளில் அச்சடித்த ஆங்கிலப் புத்தகம். படத்தில் நான் குரங்குக் குல்லாயும் கம்பளியுமாக ஓர் அடுப்பின் முன் குத்தவைத்து உட்கார்ந்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுப்பில் தீ இருப்பதாகவே தெரியாது. படத்தின் கீழே எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “எழுத்தறிவில்லாத மலை விவசாயி ஒருவர், தம் குடிசைக்கு வந்துள்ள எதிர்கால எரிபொருளை வியந்து நோக்குகிறார்.”

நான் விவசாயி இல்லை. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் என் வீட்டு வாசலில் ஒரே ஒரு ரோஜாச் செடி வைத்து, அதையும் கொன்றவன். எழுத்தறிவில்லாதவனும் இல்லை, அந்தப் புத்தகத்தின் முதல் பாதியை எழுதி டைப் அடித்தவனே நான்தான். அது குடிசையும் இல்லை, ஓட்டு வீடு. ஆக, அந்த ஒரு வாக்கியத்தில் உண்மையாக இருந்தது என் திறந்த வாய் மட்டும்தான்.

கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளி ஆபீசில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. எழுபதுகளில் அங்கே சேர்ந்தபோது வெள்ளைக்கார மிஸ்ஸம்மாக்கள் சிலர் இன்னும் இருந்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அடித்ததில் எனக்கு ஆங்கிலம் வந்தது. ஆங்கிலம் வந்ததும் தலைக்கனமும் வந்தது. வெளியூரிலிருந்து பிரசங்கம் செய்ய யாராவது வந்தால் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். அவர் கால் மணி நேரம் பேசியதை நான் மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுவேன். சுற்றி வளைத்தால் நேராக்குவேன், கடுமையாகச் சொன்னால் மெதுவாக்குவேன். சபையார் அதற்காகவே என்னை விரும்பினார்கள். வெரசாக வீட்டுக்குப் போகலாமே. அது ஒரு கெட்ட பழக்கம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் சுருக்கித்தான் கேட்டிருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் மதுரைக் காலேஜ் ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் ஜீப்பில் வந்து இறங்கினான். ஹாஸ்டல் காலத்தில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டு, அது தோளில் பிடிக்கிறது என்று என்னிடமே குறை சொன்னவன். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அவன் சிரித்தால் எதிரில் இருப்பவன் பையைத் தடவிப் பார்க்கத் தோன்றாது, பையையே கொடுத்துவிடத் தோன்றும்.

“ஏலே, இன்னும் டைப்தான் அடிச்சுக்கிட்டுக் கெடக்கியா?”

“பிரசங்கமும் பண்றேன். அடுத்தவன் பிரசங்கம்.”

“அதுக்குத்தான் வந்திருக்கேன் மாப்ள. உன் இங்கிலீஷு இந்த மலையில கெடந்து பூஞ்சணம் பூக்குது.”

அவன் ஹைட்ரஜன் தயாரிக்கிற தொழிற்சாலைகள் சேர்ந்து வைத்திருந்த ஒரு சங்கத்துக்குச் செயலாளராக இருந்தான். ஹைட்ரஜனுக்குச் சங்கமா என்று நான் சிரித்தேன். பள்ளியில் வேதியியல் வாத்தியார் தக்கை வெடிக்கவைத்துக் காட்டிய காற்றுக்குமேல் எனக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. அவன் என் மனைவி கொடுத்த காப்பியை வைத்துக்கொண்டு விளக்கினான்.

“தண்ணிக்குள்ள இருக்குற காத்துடா அது. தண்ணியில கரண்ட்ட விட்டா பிரிஞ்சு வரும். எரிச்சா பொகை கெடையாது, கரி கெடையாது, சாம்பல் கெடையாது. திரும்பத் தண்ணியாயிரும். பெட்ரோல் வெலை போற போக்கப் பாரு. வெறகுக்காக உங்க சோலைக் காட்டை வெட்டி முடிக்கிறாய்ங்க. காடு போனா மழை போகும். நாளைக்கு உலகமே இந்தக் காத்துலதான் சோறு பொங்கப் போகுது.”

“மேல்மலையில வெறகு சொமக்குற பொம்பளைக்கு அந்தக் காத்தை யாருண்ணே கொண்டாந்து குடுப்பா?” என்றாள் என் மனைவி.

“அதுக்குத்தாம்மா சங்கம்” என்றான் நண்பன்.

இந்த நாட்டில் எரிபொருளும் மின்சாரமும் இனி யாருக்கு எப்படி என்று கொள்கை வகுக்க அரசாங்கம் ஓர் ஆலோசனைக் குழு போட்டிருந்தது. நிலக்கரிக்காரர்கள், எண்ணெய்க்காரர்கள், ஆலைக்காரர்கள் எல்லாரும் அதனிடம் மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெறும் மனுவாகக் கொடுத்தால் கட்டோடு கட்டாகப் போய்விடும். கண்ணால் பார்க்க ஒன்று வேண்டும் என்பது என் நண்பனின் யோசனை. விறகை மட்டும் நம்பியிருக்கிற ஒரு மலைக் கிராமத்தில், ஒரு வீட்டில், ஹைட்ரஜன் அடுப்பு வைப்பது. செப்டம்பர் வாக்கில் தொடங்கும் இரண்டாம் சீசனில் குழுவைக் கொடைக்கானலுக்கு அழைத்து அதைக் காட்டுவது. மனுவின் முகவுரையை நான் எழுத வேண்டும். கிராமத்துக்காரர்களிடம் நான் பேச வேண்டும். குழு வரும்போது நான் மொழிபெயர்க்க வேண்டும்.

அன்று மழை. போகும்போது அவன் என் குடையை எடுத்துக்கொண்டு போனான்.

“அந்தக் குடை இனிமே வராது” என்றாள் மனைவி.

ஊரை நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். மேல்மலையில் பூண்டு விளைகிற ஊர். ஒரு நாளைக்கு ஒரு பஸ். மின்கம்பம் அதற்கு முந்தின ஊரோடு நின்றுவிட்டிருந்தது. மேட்டில் ஏறி நின்றால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பக்கத்து ஊர் பல்பு எரிவது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே பத்துப் பன்னிரண்டு வருடமாக மனு எழுதிப் போட்ட ஊர். அங்கிருந்து ஒரு அக்கா ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பூண்டு கொண்டுவருவார். என் மனைவி அவரிடம்தான் வாங்குவாள். அந்தப் பழக்கத்தில் நான் அவர் வீட்டைக் கேட்டேன்.

ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேரும் அக்காவும் வாசலில் நின்று, நண்பன் ஆங்கிலமும் தமிழுமாகப் பேசி முடிக்கும்வரை கேட்டார்கள். உலகம், எதிர்காலம், சோலைக் காடு எல்லாம் முடிந்ததும் அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்.

“இதுக்கு ஒத்துக்கிட்டா எங்க ஊருக்குக் கரண்ட் வருமா?”

“அதுதாங்க மொத கோரிக்கையே” என்றான் நண்பன், ஒரு நொடி தாமதிக்காமல். “ஏலே, டைப் மிஷினை எறக்குடா.”

பள்ளி டைப்ரைட்டரை ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். அதை அக்கா வீட்டுப் பூண்டு மூட்டை மேல் வைத்து, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவன் சொல்லச் சொல்ல அடித்தேன். கோரிக்கை ஒன்று: இந்தக் கிராமத்துக்கு மின்கம்பி உடனே நீட்டிக்கப்பட வேண்டும். கோரிக்கை இரண்டு: ஹைட்ரஜன் தயாரிக்கும் ஆலைகளுக்கு மின்சாரம் சலுகையில் தரப்பட வேண்டும். மூன்று, நான்கு எல்லாம் ஆலை சம்பந்தப்பட்டவை. எனக்குப் புரியவில்லை, புரிந்தது போலத் தலையாட்டினேன். முதல் கோரிக்கையை மட்டும் தமிழில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அதை நான் சுருக்கவில்லை. மனு ஜீப்பில் போயிற்று. கார்பன் காப்பியை அக்கா கேட்டு வாங்கி, நாலாக மடித்து, முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார்.

ஆவணிக் கடைசியில் அடுப்பு வந்தது. ஆளுயரச் சிலிண்டர்கள் லாரியில் வந்தன. அவற்றை ஒவ்வொன்றாக வாசலில் உருட்டி இறக்கினார்கள். சங்கத்து என்ஜினீயர் ஒருவர் கூடவே வந்து தங்கினார். விறகடுப்பைக் களிமண் வைத்து மூடி, சுவருக்கு வெள்ளையடித்தார்கள். குழு வரும்வரை அந்த வீட்டில் விறகு எரியக் கூடாது, சுவரில் கரி படியக் கூடாது என்பது ஏற்பாடு.

அப்போதுதான் அக்கா மேலே கையைக் காட்டினார். விறகடுப்புக்கு நேர் மேலே பரண். பரணிலிருந்து கொத்துக் கொத்தாகப் பூண்டு, காய்ந்த தண்டோடு முடிந்து, கரிபிடித்துத் தொங்கியது. பங்குனியில் எடுத்து, ஐப்பசியில் ஊன்றுவதற்காக வைத்திருந்த விதைப் பூண்டு. அதுதான் அந்த வீட்டின் அடுத்த வெள்ளாமை முழுவதும்.

“சாரு, இது பொகையிலதான் கெடக்கணும். பொகை இல்லாட்டி ஈரம் ஏறிப் போயிரும்.”

நண்பனிடம் சொன்னேன். அவன் பரணைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“கமிட்டி வர்ற வரைக்கும்தானடா. கொஞ்ச நாள்ல என்ன ஆயிரும்? நீயே சொல்லிரு.”

நானே சொன்னேன். “கொஞ்ச நாள்ல ஒண்ணும் ஆகாதுக்கா.” சொன்னவன் யார்? ரோஜாச் செடி வைத்துக் கொன்றவன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். “சாரு சொன்னாச் சரிதான்” என்றார். பரணைக் காலி செய்து வேறு வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அந்த என்ஜினீயருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்தச் சமயம் மற்ற எல்லா வீட்டுப் பரணும் அவரவர் பூண்டால் நிறைந்திருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒத்திகைக்கு ஒரு நாள் போனேன். என்ஜினீயர் குழாயைத் திறந்து பற்றவைத்தார். உஸ்ஸென்று சத்தம் மட்டும் வந்தது, தீயைக் காணோம்.

“பத்தலைங்களே” என்று குனிந்தேன்.

“எரியுது சார், எரியுது! தள்ளுங்க!”

அதற்குள் என் கம்பளியின் நுனி கருகிவிட்டது. பகல் வெளிச்சத்தில் ஹைட்ரஜன் தீ கண்ணுக்குத் தெரியாது என்று அப்போதுதான் சொன்னார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “நல்லாத்தான் இருக்கு சாரு. கோழி வாட்டக் கைய நீட்டுனா கையவே வதக்கிரும்போல.” அந்த நேரத்தில்தான் சங்கத்துப் புகைப்படக்காரர் என்னைப் படம் பிடித்தார். தீ எங்கே என்று நான் தேடிக்கொண்டிருந்ததுதான் அந்த வியப்பு.

தெரியாத தீயைக் குழுவுக்கு எப்படிக் காட்டுவது? நண்பன் அதற்கும் வழி வைத்திருந்தான். அடுக்களையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துத் தூவினான். தீ பொன் மஞ்சளாகப் பொங்கி எழுந்தது. எல்லாரும் “ஆ” என்றோம். நான்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

“பாத்தியா? ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான் வேணும், பெரிய மனுசனுக்குக் காட்ட” என்றான்.

குழு வருவதாகச் சொன்ன தேதி தள்ளிப்போனது. மறுபடி தள்ளிப்போனது. புரட்டாசி மூடுபனி இறங்கிவிட்டது. எரிந்தால் திரும்பத் தண்ணீராகிவிடும் என்று அவன் சொன்னது சத்தியமான உண்மை. அடுப்பு எரிய எரியச் சுவர் வியர்த்தது, பரண் வியர்த்தது. பூண்டுக் கொத்துகளின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கோத்து நின்றது. மனுவின் முகவுரையில் ‘இதன் கழிவு தூய நீர் மட்டுமே’ என்று நான் ஆசை ஆசையாக எழுதியிருந்தேன். அந்தத் தூய நீர் ஒரு சொட்டு என் கழுத்தில் விழுந்தபோது மேலே பார்த்தேன். பூண்டுப் பற்களுக்கு நடுவே பச்சையாக முளை எட்டிப் பார்த்தது. சிலவற்றில் நீலப் பூஞ்சணம். பார்த்துவிட்டு, பார்க்காதவன் போல வெளியே வந்து, பனி அழகாக இருக்கிறது என்று என்ஜினீயரிடம் சொன்னேன்.

ஒரு வழியாகக் குழு வந்தது. மூன்று கார், ஒரு ஜீப். தலைவர் வடக்கத்திப் பெரியவர். தங்கமான மனிதராகத் தெரிந்தார். குளிரில் மூக்கு சிவந்து, கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். உறுப்பினர்களில் ஒருவர் தமிழ் அதிகாரி. உப்பு தூவப்பட்டது. தீ பொன்னாக எழுந்தது. தலைவர் குழந்தையைப் போலக் கைதட்டினார். பிறகு, “இந்த அம்மா என்ன நினைக்கிறார்? பயப்படாமல் சொல்லச் சொல்லுங்கள்” என்றார் ஆங்கிலத்தில்.

“அடுப்பு எப்படி இருக்குன்னு கேக்குறாருக்கா.”

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அன்று வெள்ளனே எழுந்து யோசித்துவைத்திருக்க வேண்டும்.

“அடுப்பு கெடக்கட்டும் சாரு. எனக்கு ஒண்ணு கேக்கணும், அதைக் கேட்டுச் சொல்லுங்க. இந்தக் காத்தைக் கரண்ட்டுலதான பண்றாங்க? அந்தக் கரண்ட்ட எடுத்துத் தண்ணியில விட்டு, காத்தாக்கி, இரும்புல அடைச்சு, லாரியில ஏத்தி, மலையச் சுத்திக் கொண்டாந்து, என் வீட்டுல தீயாக்கி, அந்தத் தீயும் தெரியலன்னு என் உப்பையே எடுத்துப் போட்டுக் காட்டுறீங்க. அந்தக் கரண்ட்ட அப்படியே ஒரு கம்பியில எங்க ஊருக்கு விட்டா என்னங்க? பக்கத்து ஊரு வரைக்கும் வந்துதான கெடக்கு? இம்புட்டுச் சோலி எதுக்கு? இந்தா, என் வெதைப் பூண்டெல்லாம் மொளைச்சுப் போச்சு, அதையும் காட்டிச் சொல்லுங்க. பெரியவரு என்ன சொல்றாருன்னு கேப்போம்.”

நான் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பிரசங்கங்கள் மொழிபெயர்த்திருக்கிறேன். அவ்வளவு நேரான பேச்சு ஒன்று என் வாய்வழி போக வந்ததே இல்லை. சுருக்க ஒன்றும் இல்லை, திருத்த ஒன்றும் இல்லை. அப்படியே சொல்லியிருந்தால் போதும்.

நண்பன் சிலிண்டர் பக்கம் நின்றிருந்தான். அவன் கண்ணைக் காட்டவில்லை, தலையை ஆட்டவில்லை. எனக்குள்தான் ஒரு கணக்கு ஓடியது. இதைச் சொன்னால் தலைவர் முகம் வாடும். அடுப்பு கெட்டால் மனு கெடும். மனு கெட்டால் அதில் இருக்கிற ஒன்றாம் நம்பர் கோரிக்கையும் கெடும். ஊருக்குக் கரண்ட் வராமல் போகும். ஆகவே ஊர் நன்மைக்காக, நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: புகை போனதால் கண் எரிச்சல் போய்விட்டதாம். மிகவும் நன்றியோடு இருக்கிறார்.

“அவ்வளவுதானா? நெடுநேரம் பேசினாரே?” என்றார் தலைவர்.

“மலை மக்கள் நன்றியை நீளமாகத்தான் சொல்வார்கள்” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். தமிழ் அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, மாட்டிக்கொண்டு, வெளியே காரட் தோட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார். அவர் வாயைத் திறப்பார் என்று நான் பயந்தேன். திறக்கவில்லை என்றதும் எனக்கு வந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

“என்ன சொன்னாரு?” என்றார் அக்கா.

“யோசிச்சுச் சொல்றாராம்.”

அக்கா தலையசைத்தார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்ட ஆளின் தலையசைப்பு அது.

அடுத்த வாரம் சிலிண்டர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூடிய விறகடுப்பை அக்கா வீட்டாரே உடைத்துத் திறந்துகொண்டார்கள். ஐப்பசியில் அக்கா வீட்டு வயலில் பூண்டு இல்லை. ஒன்றிரண்டு வீட்டில் கொடுத்த விதையை ஒரு ஓரத்தில் ஊன்றினார்களாம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அக்கா அதே இடத்தில், அதே சாக்கை விரித்து, உருளைக்கிழங்கு விற்றார். ஒவ்வொரு வாரமும் என்னைக் கண்டால் ஒரே கேள்வி.

“பெரியவரு யோசிச்சாராமா சாரு?”

“இன்னும் இல்லக்கா. பெரிய எடம். நாளாகும்.”

சில மாதம் கழித்து மனு புத்தகமாக அச்சாகித் தபாலில் வந்தது. “உன் கைவண்ணம்!” என்று நண்பன் எழுதியிருந்தான். என் மனைவிதான் முதலில் பிரித்தாள். என் படத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. “எழுத்தறிவில்லாத விவசாயியே, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க பாப்போம்.” நானும் சிரித்தபடிதான் பக்கத்தைப் புரட்டினேன். சோலைக் காடு, மூடுபனி, மழை, விறகு சுமக்கும் பெண்கள் என்று முகவுரை நான் எழுதியபடியே இருந்தது. ஒரு காற்புள்ளி மாறவில்லை. கோரிக்கைகளுக்கு வந்தேன். கோரிக்கை ஒன்று: ஹைட்ரஜன் தயாரிக்கும் ஆலைகளுக்கு மின்சாரம் சலுகையில் தரப்பட வேண்டும். இரண்டு: அந்த ஆலைகளுக்கு மின்வெட்டிலிருந்து விலக்கு. நான் அடித்த ஒன்றாம் நம்பர் இல்லை. மற்றவை எல்லாம் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்திருந்தன.

கடைசிப் பக்கத்தில் சங்க உறுப்பினர் பட்டியல். வனஸ்பதி, சோப்பு, உரம், காஸ்டிக் சோடா. அடுப்பு செய்கிற ஆலை ஒன்றுகூட இல்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் மதுரைக்கு இறங்கினேன். சங்க ஆபீசில் நண்பன் என்னைக் கட்டிப்பிடித்தான். காப்பி சொன்னான். மூலையில் என் குடை சாய்ந்திருந்தது.

“ஒண்ணாம் நம்பரைக் காணோமே?”

“எந்த ஒண்ணாம் நம்பரு?”

“ஊருக்குக் கரண்ட்.”

“ஓ, அதா.” அவன் கதவைச் சாத்தவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. ஒளிக்கவேண்டிய விஷயமாகவே அதை அவன் நினைக்கவில்லை. “யோசிச்சுப் பாருடா. அந்த ஊருக்குக் கரண்ட் வந்துட்டா அப்புறம் கமிட்டிக்கு எதைக் காட்டுறது? அடுத்து டெல்லியில இருந்து ஒரு குழு வருது. இருட்டுக் கெராமம், வெறகடுப்பு, அழியுற காடு, எல்லாம் அப்படியே இருக்கணும்ல? இந்தத் தடவ வேற வீடு பாப்போம். நீதான் பேசணும்.”

“அந்தக் காத்து எங்கடா போகுது?”

“எந்தக் காத்து?”

“உங்க ஆலையில பண்றது.”

“எண்ணெயில விடுவாய்ங்க, உறைஞ்சு வனஸ்பதியாகும். வேறெங்க போகும்? சிலிண்டர்ல அடைச்சு உங்க மலைக்கு அனுப்புனா கட்டுபடியாகுமா மாப்ள? வனஸ்பதிக்குக் கரண்ட் குடுங்கன்னு கேட்டா எவன் குடுப்பான்? காட்டக் காப்பாத்தக் குடுங்கன்னு கேட்டாக் குடுப்பான். மின்வெட்டு இப்ப எங்களுக்கு இல்ல, தெரியுமா? உன் முன்னுரைக்குத்தான் அது கெடைச்சுச்சு.”

என் சோலைக் காட்டை முகப்பில் நட்டு, பின்னால் ஆலை ஓட்டியிருந்தார்கள். நான் கோபமாக ஏதோ ஆரம்பித்தேன். துரோகம் என்ற சொல்லைக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். பிரசங்கத்தில் யூதாஸ் வரும்போது சொல்லிப் பழகிய சொல்; நன்றாகவே வந்தது. அவன் காப்பியை ஆற்றிக்கொண்டே, உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டான்:

“ஏலே, அந்தம்மா அன்னைக்கு அவ்வளவு கேட்டுச்சே. எனக்கும் தமிழ் தெரியும்ல? செத்தோம்னு நெனச்சேன். நீதான மாத்திச் சொன்ன? உன்னைய மாத்தச் சொல்லி நாங்க யாராச்சும் கேட்டோமா?”

கேட்கவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. வரும்போது குடையை எடுத்துக்கொண்டேன். அந்தப் பயணத்தில் எனக்குத் திரும்பக் கிடைத்தது அது ஒன்றுதான். பஸ் மலையேறுகிற வழியெல்லாம், அவன் என்னை ஏமாற்றியது எந்த இடத்தில் என்று தேடிக்கொண்டே வந்தேன். தேடிய ஒவ்வொரு இடத்திலும் நான் ஏற்கெனவே போய் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறந்துகொண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி சந்தைக்குக் கிளம்பும்போது நானும் போனேன். அக்கா தராசைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

“பெரியவரு யோசிச்சாராமா சாரு?”

“அவருக்கு யோசிக்க ஒண்ணும் இல்லக்கா. நான் கேக்கவே இல்ல.”

தராசு அப்படியே நின்றது. என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரியும்.

“நீங்க கேட்டதை நான் சொல்லல. பூண்டையும் சொல்லல. ஒண்ணாம் நம்பரையும் அவங்க எடுத்துட்டாங்க.”

“நான் அம்புட்டு நேரம் பேசுனேனே. என்னன்னு சொன்னீங்க?”

“சந்தோசமா இருக்கீங்கன்னு.”

“நானா?”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவர் உருளைக்கிழங்கை நிறுத்து என் மனைவியின் பையில் போட்டார். எப்போதும் மேலே ஒன்று சேர்த்துப் போடுவார், அன்று போடவில்லை.

“அடுத்த வாரம் தாளும் பேனாவும் கொண்டாங்க” என்றார், என் மனைவியிடம்.

கரண்ட் அந்த ஊருக்கு வந்தது, எண்பதுகள் முடிகிற நேரத்தில், வேறு யாரோ வேறு எங்கோ முட்டிமோதிக் கொண்டுவந்தது. அதில் என் பங்கு துளியும் இல்லை. அதனால்தான் வந்தது என்பது மனைவியின் கருத்து. சங்கம் அடுத்த குழுவுக்கு வேறு மலையில் வேறு ஊரைப் பிடித்ததாகக் கேள்வி. அங்கே யார் மொழிபெயர்த்தார்களோ.

அக்கா சொன்ன அந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, குழுத் தலைவருக்குப் போகவேண்டிய கடிதத்தை அக்கா சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினேன். கரண்ட்ட எடுத்துத் தண்ணியில விட்டு, காத்தாக்கி, இரும்புல அடைச்சு. அன்று வாசலில் சொன்னதை வரி மாறாமல் சொன்னார். வருடம் ஒன்று ஆகப்போகிறது, ஒரு சொல் மறக்கவில்லை. நடுவில் ஓரிடத்தில் என் கை பழக்கதோஷத்தில் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று போகப் பார்த்தது. நிறுத்திவிட்டேன். உப்பையும் எழுதினேன். பூண்டையும் எழுதினேன். முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து அந்தக் கார்பன் காப்பியையும் கொண்டுவந்திருந்தார். அதையும் கூட வைத்து அனுப்பலாமா என்றேன்.

“வேண்டாம். அது என்கிட்டக் கெடக்கட்டும்.”

முடித்ததும் படித்துக் காட்டப் போனேன். கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார்.

“நீங்க இருங்க.”

எழுந்து மூன்று கடை தள்ளிப் போனார். அங்கே கருவாடு விற்கிறவர் எட்டாவது வரை படித்தவர். தாளை அவரிடம் கொடுத்தார். அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, சந்தை இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி, எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படித்தார். கருவாடு வாங்க வந்த பெண்கள் இரண்டு பேர் நின்று கேட்டார்கள். உப்பு வந்த இடத்தில் ஒருத்தி சிரித்தாள். நான் சாக்கின் மேல் குத்தவைத்து உட்கார்ந்தபடி, அந்தப் படத்தில் இருப்பவனைப் போலவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதாங்க இருக்கு” என்றார் கருவாட்டுக்காரர்.

அக்கா என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

“இன்னொருக்கா படிங்க” என்றார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.